வெஸ்டர்லி சென்டார் 26: ஒன்று 3,500 பவுண்டு, இன்னொன்று 9,500. எதை வாங்கலாம், எதை முதலில் மாற்றணும்?

கென்ட்_பாய்மரம் (கில்லிங்ஹாம்)

எல்லாருக்கும் வணக்கம். டே ஸ்கிப்பர் (பாய்மரப் படகு ஓட்டுற பயிற்சி) முடிச்சாச்சு, கிளப் படகுகள்ல ஓரளவு ஓட்டியும் பழகிட்டேன். இப்போ சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். நான், மனைவி, ரெண்டு பசங்க. மெட்வே, ஸ்வேல், எசெக்ஸ் ஆறுகள், தைரியம் வந்த பிறகு கலே அல்லது ஆஸ்டெண்ட். இவ்வளவுதான் ஆசை.

வெஸ்டர்லி சென்டார்ங்கிற 26 அடி பாய்மரப் படகுன்னு முடிவு பண்ணிட்டோம். ரெட்டைக் கீல் (அடியில கனமான ரெண்டு துடுப்பு மாதிரி), 3 அடி ஆழம் இருந்தா மிதக்கும், தண்ணி வடிஞ்சா சேத்துல தானா நிக்கும். தண்ணி வடியுற மூரிங் (படகைக் கட்டி வைக்கிற இடம்) இங்க மரினாவை விட ரொம்ப மலிவு. ரெண்டு படகு பார்த்திருக்கோம்.

முதல் படகு: 1973, விலை 3,500. பழைய வோல்வோ எம்டி2பி எஞ்சின், ஓடி வருசமாச்சு. ரிக்கிங் (மாஸ்டைத் தாங்குற கம்பிகள்) எப்போ மாத்தினதுன்னு யாருக்கும் தெரியல. உள்ளே கூரைத் துணி தொங்குது. "சுத்தம் பண்ணினா போதும்"னு விக்கிறவர் சொல்றார்.

இரண்டாவது: 1976, விலை 9,500. 2012-ல பீட்டா 20 எஞ்சின் போட்டிருக்காங்க. ரிக்கிங் 2019. பாய்கள் நல்லா இருக்கு. பில் எல்லாம் ஃபைல்ல வச்சிருக்கார்.

என்கிட்ட மொத்தம் 12,000 பவுண்டு இருக்கு. முதல் படகை வாங்கினா மிச்சம் 8,500-ல சார்ட் பிளாட்டர் (வரைபடத் திரை), டில்லர் பைலட் (தானா சுக்கான் பிடிக்கிற கருவி), சோலார், ஃப்ரிட்ஜ், டீசல் ஹீட்டர் எல்லாம் போட்டு நம்ம விருப்பத்துக்கு அமைச்சுக்கலாமேன்னு மனசு அங்கேயே போகுது. சரியா யோசிக்கிறேனா?

ஓர்வெல்_அண்ணை (இப்ஸ்விச்)

தம்பி, இரண்டாவதை வாங்குங்கோ. ஏனெண்டு விவரமாச் சொல்லுறன்.

சென்டார் நல்ல தேர்வு. லாரன்ட் ஜைல்ஸ் நிறுவனம் வரைஞ்சு, ஹாம்ப்ஷியரில வெஸ்டர்லி 1969 தொடக்கம் 1980 வரைக்கும் கட்டினது. 2,400-க்கு மேல கட்டினவை. அதால உதிரிப்பாகமும் அனுபவம் உள்ள ஆக்களும் இண்டைக்கும் கிடைக்கும். ஓட்டத்தில வேகம் குறைவு, காத்துக்கு எதிரா ஏறுறது அவ்வளவு நெருக்கமில்லை. ஆனா குடும்பத்தோட போறதுக்கு உள்ளுக்க இடம் தாராளம்.

இப்ப கணக்கைப் பாருங்கோ. முதல் படகின்ர எஞ்சின் இறுகியிருந்தா புதுசு போட வேணும். 20 குதிரைவலு டீசல் எஞ்சின் மட்டுமே ஆறாயிரத்தை ஒட்டி வரும். அதோட நிக்காது. பழைய எஞ்சின் நல்ல பாரமான சாமான், கிரேனால தூக்கி எடுக்க வேணும். எஞ்சின் படுக்கையை வெட்டி மாத்த வேணும். சாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுத்துற தண்டு), புரொப்பெல்லர், எக்ஸாஸ்ட் குழாய், டீசல் தாங்கி, கொன்ட்ரோல் கேபிள் எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வரும். நீங்களே வேலை செய்தாலும் எட்டாயிரத்துக்குக் கீழ முடிக்கிறது கஷ்டம். உங்கட மிச்சக் காசு அங்கேயே முடிஞ்சுது. இன்னும் ரிக்கிங் இருக்கு. வயது தெரியாத ரிக்கிங்கோட கனபேர் இன்சூரன்ஸ் தர மாட்டினம். பத்துப் பதினைஞ்சு வருசத்தில மாத்தச் சொல்லித்தான் கேப்பினம்.

இரண்டாவது படகில 6,000 பவுண்டு கூடக் குடுக்கிறீங்கள். அதுக்கு எஞ்சின், ரிக்கிங், பாய் மூண்டும் பொருத்தின கூலியோட வருது. முந்தின சொந்தக்காரர் போட்ட காசில அரைவாசி கூட அவருக்குத் திரும்பி வராது. பழைய படகுச் சந்தை அப்பிடித்தான். ஒருத்தர் ஆசையாச் செய்து வைச்சதை அடுத்த ஆள் பாதி விலைக்கு வாங்குவார். அந்த அடுத்த ஆளா நீங்கள் இருங்கோ.

ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எல்லாத்தையும் ஒரு சீசன் ஓடின பிறகு யோசியுங்கோ.

போர்ட்ஸ்மத்_மணி

அண்ணன் கணக்கு சரி, ஆனா ஒரு பக்கம்தான் சொல்றார். நான் முதல் ரகப் படகைத்தான் வாங்கினேன். சென்டார் இல்ல, அதே காலத்து வேற 25 அடிப் படகு. ரெண்டு குளிர்காலம் கரையில நிறுத்தி ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு குழாயையும் என் கையால மாத்தினேன். இன்னிக்கு ராத்திரி இருட்டுல எது நின்னு போனாலும் டார்ச் இல்லாமலே கை அங்க போகும். காசு கொடுத்து வாங்கின படகுல அந்த நெருக்கம் வர வருசக்கணக்காகும்.

இன்னொண்ணு. "புது எஞ்சின்"னு சொன்னா யார் பொருத்தினாங்க? எஞ்சினும் சாஃப்டும் ஒரே கோட்டுல நிக்குதா, அதாவது அலைன்மென்ட் சரியா? எக்ஸாஸ்ட் குழாயில கடல் தண்ணி திரும்ப ஏறாம இருக்க வளைவு போதுமான உயரத்துல இருக்கா? இதெல்லாம் பில்லுல தெரியாது. அடுத்தவர் செஞ்ச வேலையை நம்பித்தான் ஆகணும்.

படகு வேலையே உங்களுக்குப் பிடிக்கும்னா முதல் படகு தப்பில்ல.

ஓர்வெல்_அண்ணை (இப்ஸ்விச்)

மணி, நீங்கள் சொல்லுறதை மறுக்கேல்லை. ஆனா தம்பிக்குச் சின்னப் பிள்ளையள். ரெண்டு குளிர்காலம் கரையில நிண்டால் யார்டுக் காசும் போகும், பிள்ளையளின்ர ரெண்டு கோடையும் போகும். அவர் கேட்டது எசெக்ஸ் ஆறுகளுக்குப் போக ஒரு படகு.

போர்ட்ஸ்மத்_மணி

அது உண்மைதான். பசங்களை நான் கணக்குல எடுக்கல. அப்போ ரெண்டாவது. ஆனா சர்வே (நிபுணரை வச்சுப் படகைச் சோதிக்கிறது) இல்லாம கை நீட்டாதீங்க.

அலைவாணி (சவுத்தாம்ப்டன்)

ஃபைபர் கிளாஸ் என் தொழில். சர்வேயர் வருவதற்கு முன்பே நீங்களாகப் பார்க்கக்கூடியவற்றைச் சொல்கிறேன். இவற்றில் ஏதாவது மோசமாக இருந்தால் சர்வே கட்டணமே மிச்சமாகும்.

முதலில் கீல் வேர். சென்டாரின் இரண்டு வார்ப்பிரும்புக் கீல்களும் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்பவை. படகு சேற்றில் உட்காரும்போது, அதிலும் அலை தூக்கித் தூக்கிப் போடும் இடத்தில், கீல் வெளியே விரியப் பார்க்கும். அந்த விசை முழுவதும் கீல் சேரும் இடத்து ஹல் (படகின் உடல்) மீது விழுகிறது. பல சென்டார்களில் உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைத்து ஃபைபர் அடுக்கி வலுப்படுத்தியிருப்பார்கள். செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். செய்திருந்தால் நல்லது, அதைக் குறையாக எடுக்க வேண்டாம். வெளியே கீலும் ஹல்லும் சேரும் கோட்டில் நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா, துருநீர் வடிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தரைப்பலகையைத் தூக்கி போல்ட்டுகளைப் பாருங்கள். முன்பக்கம் ஒருவர் கீலின் அடியைக் காலால் பலமாகத் தள்ள, இன்னொருவர் உள்ளே பார்த்தால் அசைவு தெரிந்துவிடும்.

அடுத்து ஓஸ்மோசிஸ். இந்தச் சொல்லைக் கேட்டுப் பலர் நல்ல படகை விட்டுவிடுகிறார்கள். பாலியெஸ்டர் ரெசினுக்குள் நீர் புகுந்து, கரையக்கூடிய பொருள்களோடு சேர்ந்து, ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சுக்குக் கீழே கொப்புளமாகிறது. உடைத்தால் வினிகர் வாடை அடிக்கும் திரவம் வரும். ஐம்பது வயதுப் படகில் கொஞ்சம் இருப்பது இயல்பு. அதனால் படகு மூழ்குவது மிக மிக அரிது. அந்தக் காலத்து வெஸ்டர்லி தடிமனாகவே போட்டிருக்கிறார்கள். ஈரமானி எண் கூடுதலாக இருந்தால் விலை பேசப் பயன்படுத்துங்கள், பயப்பட வேண்டாம்.

மேல்தளமான டெக்கைப் பிளாஸ்டிக் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்பது திடீரென மொத்தென்று மாறினால் உள்ளே மரம் ஊறியிருக்கிறது. தாங்கு கம்பிகள் பொருந்தும் யூ-போல்ட்டுகளைச் சுற்றி உட்புறம் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்ட் (பாய் கட்டும் மரம்) டெக் மேல் நிற்கிறது, அதன் பாரம் முழுவதும் கீழே ஒரு தூணில் இறங்குகிறது. தூணின் அடிப்பாகம் ஈரத்தில் இற்றிருந்தால் டெக் சற்றுக் குழிந்திருக்கும். நேர்ச்சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தால் போதும்.

தொங்கும் கூரைத் துணிக்குக் கவலை வேண்டாம். பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் வயதாகி மாவாகிவிடுகிறது, அவ்வளவுதான். அழுக்கான வேலை, அபாயமான வேலை இல்லை.

கென்ட்_பாய்மரம் (கில்லிங்ஹாம்)

வாணி அக்கா, ரொம்ப நன்றி. முதல் படகு பக்கம் மனசு போறதை நிறுத்திட்டேன். ரெண்டாவதை வாங்கினா மிச்சம் 2,500. சர்வே, கிரேன், இன்சூரன்ஸ் போக சுமாரா 1,500 நிக்கும். முதல்ல எதுக்குச் செலவு பண்றது?

ஓர்வெல்_அண்ணை (இப்ஸ்விச்)

என்ர வரிசை இது, தம்பி. தண்ணி உள்ளுக்க வரக்கூடாது. நெருப்புப் பிடிக்கக்கூடாது. மாஸ்ட் விழக்கூடாது. நங்கூரம் போட்டால் நிக்க வேணும். இந்த நாலும் முடியாமல் சார்ட் பிளாட்டர் மாதிரி ஒரு திரையும் வாங்கக்கூடாது.

தண்ணி உள்ளுக்க வாறதெண்டால் சீகாக். கழிவறை, சிங்க், எஞ்சின் குளிர்நீர் எண்டு தண்ணிமட்டத்துக்குக் கீழ ஓட்டை போட்டுப் பொருத்தின வால்வுகள். ஒவ்வொண்டும் உங்கட பிள்ளையள் படுக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில கடலைத் தடுத்துக்கொண்டு நிக்குது. சாதாரண பித்தளை எண்டால் உப்புத் தண்ணியில துத்தநாகம் கரைஞ்சு போய் செம்பு மட்டும் பஞ்சு மாதிரி மிஞ்சும். சுரண்டிப் பாத்தால் மஞ்சளுக்குப் பதிலா இளஞ்சிவப்பாத் தெரியும். வெளியில அழகா இருக்கும், காலால உதைச்சால் முறியும். வெண்கலம், இல்லாட்டி டிசெட்ஆர் (துத்தநாகம் கரையாத பித்தளை), இல்லாட்டி கண்ணாடி இழை சேர்த்த நைலோன் வால்வு போடுங்கோ. நைலோனில அரிப்பே இல்லை. நான் அதைத்தான் போட்டிருக்கிறன். ஒவ்வொரு குழாய்க்கும் ரெண்டு கிளிப். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில ஒரு மென்மரக் குச்சியைக் கூராக்கிக் கயித்தில கட்டி வையுங்கோ, வால்வு முறிஞ்சால் ஓட்டையில அடிச்சு அடைக்கலாம்.

சாஃப்ட் வெளியில போற இடத்தையும் பாக்க வேணும். பழைய கயிற்றுப் பாக்கிங் எண்டால் ஓடேக்க சொட்டுச் சொட்டாக் கசியிறது சரி. நிப்பாட்டினாப் பிறகும் ஒழுகினால் இறுக்க வேணும், இறுக்க இடமில்லையெண்டால் புதுசு போட வேணும்.

அலைவாணி (சவுத்தாம்ப்டன்)

அண்ணன் சொன்னதோடு, மேலிருந்து ஒழுகும் நீரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஜன்னல்களைத் திரும்பப் பொருத்தும்போது எந்தப் பசை என்று பார்த்து வாங்குங்கள். டெக் சாமான்களுக்கு பாலிசல்ஃபைடு அருமை, ஆனால் அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் அது அரித்துவிடும். அலுமினியச் சட்டம் போட்ட ஜன்னலுக்கு பியூட்டைல் நாடா நல்லது. டெக் சாமான்களின் துளைகளைச் சற்றே பெரிதாக்கி, எப்பாக்ஸி நிரப்பி, காய்ந்ததும் நடுவில் துளையிட்டுப் பொருத்தினால் உள்ளிருக்கும் மரத்துக்கு மறுபடி ஈரம் போகாது. மழைநாளில் உள்ளே படுத்துக் கூரையைப் பார்த்து எங்கே ஒழுகுகிறது என்று குறித்துவைத்த பிறகு தொடங்குங்கள். நீர் உள்ளே தெரியும் இடமும் அது புகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

தீவகன் (ஹார்விச்)

கேஸ் பற்றி யாரும் சொல்லேல்லை. நான் சொல்லுறன்.

பியூட்டேன், புரோபேன் ரெண்டும் காத்தை விடப் பாரம். வீட்டில கசிஞ்சால் கதவுக்குக் கீழால போயிடும். படகில போக இடமில்லை, பில்ஜில (படகின்ர அடிப்பள்ளத்தில) போய்த் தேங்கும். சிலிண்டர் இருக்கிற பெட்டி உள்பக்கம் முழுக்க அடைச்சு, அடியில ஒரு குழாய் நேரா வெளியில கடலுக்குப் போக வேணும். அந்தக் குழாய் வாய் தண்ணிமட்டத்துக்கு மேல இருக்க வேணும். ரப்பர்க் குழாயில தேதி அச்சடிச்சிருக்கும், பழசெண்டால் யோசிக்காமல் மாத்துங்கோ. சமைச்சு முடிஞ்சதும் சிலிண்டரிலேயே பூட்டுறது வீட்டுப் பழக்கமாகட்டும். பிள்ளையளுக்கும் பழக்குங்கோ. கேஸ் வேலையைப் படகு கேஸுக்குத் தகுதி உள்ள ஆளிட்டக் குடுங்கோ.

அடுத்தது கார்பன் மொனொக்சைட். மணமில்லை, நிறமில்லை. கேஸ் அடுப்பு, டீசல் ஹீட்டர், பக்கத்துப் படகின்ர ஜெனரேட்டர், எதிலயும் இருந்து வரலாம். படகுக்கும் கரவனுக்கும் எண்ட இஎன் 50291-2 தரக் குறி உள்ள அலாரம் வாங்குங்கோ. உள்நாட்டு நீர்வழிகளில 2019 ஏப்ரலில இருந்து போட் சேஃப்டி ஸ்கீம் இதைக் கட்டாயமாக்கியிருக்கு. கடலில சட்டம் கேக்காது. நீங்களாப் போடுங்கோ. புது டிவைஸ் எதுக்கும் முன்னம் இது வேணும்.

போர்ட்ஸ்மத்_மணி

நங்கூரம் என் பங்கு.

உங்க இடத்துல ஏற்றவற்றம் பெருசு. ஷீர்னஸ்ல பௌர்ணமி, அமாவாசை ஒட்டி ஏறக்குறைய 5 மீட்டர். வத்தின நேரத்துல 3 மீட்டர் ஆழத்துல போட்டா, நிறையும்போது அது 8 மீட்டர். அணியத்து உயரம் 1 மீட்டர் சேருங்க, 9. முழுக்க சங்கிலின்னா நாலு மடங்கு விடணும், 36 மீட்டர். பழைய படகுகள்ல பெட்டியைத் திறந்தா 15 மீட்டர் துருப்பிடிச்ச சங்கிலியும் கொஞ்சம் கயிறும்தான் இருக்கும். 8 மி.மீ. சங்கிலி 30 மீட்டர், அதோட நைலான் கயிறு 30 மீட்டர் கட்டுங்க. 30 மீட்டர் சங்கிலியே 40 கிலோவைத் தாண்டும், அதனால இந்த அளவுப் படகுக்கு அதுக்கு மேல அணியத்துல ஏத்த வேண்டாம்.

நங்கூரம் அநேகமா சிக்யூஆர்ங்கிற கலப்பை வடிவமா இருக்கும். 1933-ல ஜி.ஐ. டெய்லர்ங்கிற கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் உருவாக்கினது. அந்தக் காலத்துல பெரிய முன்னேற்றம். இப்போ ரொக்னா, ஸ்பேட் மாதிரி புது வடிவங்கள் சேத்துலயும் மணல்லயும் சீக்கிரம் குத்தி நிக்குது. 10 கிலோ ஒண்ணு வாங்குங்க, பழசை ரெண்டாவது நங்கூரமா வச்சுக்கோங்க. சங்கிலியோட கடைசி நுனியைப் படகுல இரும்பு ஷேக்கிளால பூட்டாம கயிறால கட்டுங்க. அவசரத்துல கத்தியால வெட்டிட்டுப் போகணும்னா முடியும்.

ஒன்ராறியோ_காத்து (டொரொண்டோ)

இங்க நன்னீர் ஏரி, அதால எங்கட பழைய படகுகளுக்கு உப்பு அரிப்பு இல்லை. எனக்கு ஆல்பெர்க் 30, விட்பியில கட்டினது. இஞ்ச கனக்கப் படகில இன்னும் பெட்ரோல் எஞ்சின். ஸ்டார்ட் பண்ண முதல் புளோவரைப் போட்டு ஆவியை வெளியில தள்ளாமல் சாவியைத் தொட மாட்டம். டீசல் எஞ்சின் கிடைச்சது உங்களுக்குப் பெரிய ஆறுதல், தம்பி.

மின்சாரம் பற்றி ஒண்டு சொல்லுறன். ஃப்ரிட்ஜ் ஆசை இருக்கெண்டு எழுதியிருந்தீங்கள். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 40 ஆம்ப்-அவர் அளவு இழுக்கும். 110 ஆம்ப்-அவர் லெட்-ஆசிட் பட்டரியில பாதியைத்தான் எடுக்கலாம், அதுக்குக் கீழ போனால் ஆயுள் குறையும். அப்ப ஃப்ரிட்ஜ் மட்டுமே ஒரு பட்டரியை ஒண்டரை நாளுக்குள்ள காலி பண்ணிடும். 100 வாட் சோலார் உங்கட கோடையில நல்ல நாளில 25, 30 ஆம்ப்-அவர் தரலாம். முதல்ல எல்லா விளக்கையும் எல்இடிக்கு மாத்துங்கோ. நங்கூர விளக்கு பழைய 10 வாட் பல்ப் எண்டால் ஒரு இரவில 8 ஆம்ப்-அவர் குடிக்கும், எல்இடி 2 ஆம்ப்-அவரில முடிக்கும். அந்த ஒரு மாற்றம் டில்லர் பைலட்டுக்கு வழிவிடும்.

லித்தியத்துக்கு அவசரப்படாதீங்கோ. எஞ்சின் ஆல்டர்னேட்டரை நேரா லித்தியத்தோட இணைச்சால் அது ஓய்வில்லாமல் முழுச் சக்தியும் குடுத்துச் சூடாகிக் கருகலாம். நடுவில டிசி-டிசி சார்ஜர் வேணும். எந்தப் பட்டரியானாலும் பொசிட்டிவ் முனைக்குக் கிட்ட ஃபியூஸ் கட்டாயம்.

கென்ட்_பாய்மரம் (கில்லிங்ஹாம்)

ஃப்ரிட்ஜ் பட்டியல்ல இருந்து போயாச்சு. ஐஸ் பெட்டி போதும்னு மனைவியும் சொல்லிட்டாங்க. சார்ட் பிளாட்டரும் வேண்டாமா?

தீவகன் (ஹார்விச்)

அதுக்கு முன்னம் டிஎஸ்சி (பொத்தானை அமத்தினால் ஆபத்துச் செய்தி அனுப்புற வசதி) உள்ள நிலையான விஎச்எஃப் ரேடியோ, மாஸ்ட் உச்சியில அன்டெனா. கப்பல் ரேடியோ லைசென்ஸ் ஒஃப்கொம் இணையத்தில இலவசமாத் தருது, எம்எம்எஸ்ஐ எண் (உங்கட படகின்ர ரேடியோ அடையாளம்) அதோட வரும். நீங்கள் எஸ்ஆர்சி எண்ட ரேடியோ இயக்குறதுக்கான பரீட்சை எழுத வேணும். சிவப்புப் பொத்தானை அமத்தினால் உங்கட இடம் கரைக்குப் போற மாதிரி ஜிபிஎஸ் இணைப்புக் குடுக்க வேணும். சோலார் வாங்கிற காசு இதுக்குப் போகட்டும்.

பிளாட்டருக்கு இப்போதைக்கு டாப்லெட் போதும், ஆனா காகித வரைபடமும் கையில இருக்கட்டும். தேம்ஸ் முகத்துவாரம் மணல் திட்டுகள் இடம் மாறுற இடம். ஸ்பிட்வே மாதிரிக் குறுக்கு வழியளுக்குப் புது வரைபடம் இல்லாமல் போகாதீங்கோ. ஷீர்னஸுக்கு வெளியில 1944-ல மூழ்கின ரிச்சர்ட் மொன்ட்கொமரி கப்பல் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருளோட கிடக்கு. அதைச் சுத்தித் தடை செய்த பகுதி இருக்கு, உள்ளுக்க போகக்கூடாது. மெட்வேயில இருந்து வெளிக்கிடேக்க ஒவ்வொரு முறையும் அதுக்குப் பக்கத்தாலதான் போவீங்கள்.

கென்ட்_பாய்மரம் (கில்லிங்ஹாம்)

ஒரு மாசம் கழிச்சு எழுதறேன். சர்வே முடிஞ்சது. கீல் வேர்ல ஏற்கனவே உள்ளே சட்டம் போட்டு வலுப்படுத்தியிருக்காங்க, வாணி அக்கா சொன்ன மாதிரியே. ஈரமானி எண் கொஞ்சம் கூட, கொப்புளம் சில இடத்துல மட்டும். எஞ்சின் அலைன்மென்ட், எக்ஸாஸ்ட் வளைவு ரெண்டும் சரி, மணி. குறைகள்: ரெண்டு சீகாக் இளஞ்சிவப்பு. கேஸ் ரப்பர்க் குழாய் காலாவதி. சாஃப்ட் நுனியைத் தாங்குற கட்லெஸ் பேரிங் தேஞ்சிருக்கு. இடது பக்கம் ஒரு யூ-போல்ட் ஓரமா கசிவு.

இதைக் காட்டிப் பேசி 8,600-க்கு முடிச்சிட்டோம். படகு இப்போ யார்டுல, தன் கீல்லயே நிக்குது. யார்டுல ஏப்ரல் கடைசில இறக்க தேதி கொடுத்திருக்காங்க. கேள்வி என்னன்னா, பசங்க துடிக்கிறாங்க. இறக்கிட்டு, சேத்துல நிக்குற மூரிங்ல வச்சே தண்ணி வடியுற நேரத்துல இந்த வேலைகளைப் பண்ணலாமா? ரெட்டைக் கீல்தானே?

ஓர்வெல்_அண்ணை (இப்ஸ்விச்)

வாழ்த்துகள் தம்பி. ஆனா இல்லை. சீகாக், கட்லெஸ் பேரிங் ரெண்டும் கரையிலதான். சேத்தில உங்களுக்கு ஆறு மணித்தியாலம் கூடக் கிடைக்காது. பழைய வால்வைக் கழட்டின பிறகு நட் இறுகி நிண்டால், இல்லாட்டி ஹல் ஓட்டையைப் பெருப்பிக்க வேண்டி வந்தால், தண்ணி உங்களுக்காகக் காத்திராது. பேரிங் எடுக்க சில வேளை சாஃப்டையே கழட்ட வேண்டி வரும். ஏப்ரலுக்குள்ள முடியாட்டி மே மாதம் இறக்குங்கோ. யூ-போல்ட்டைக் கழட்ட முதல் அந்தப் பக்கம் மாஸ்டுக்கு ஹலியார்டால (பாய் ஏத்துற கயித்தால) தாங்கு குடுங்கோ. நல்லாத் துடைச்சு, தேய்வோ வெடிப்போ இருந்தால் புதுசு போடுங்கோ. எப்பிடியும் கழட்டுறதால மற்றப் பக்கத்தையும் சேத்துச் செய்யுங்கோ.

இறக்கிற நாள் கிரேன்காரரிட்ட முன்னமே சொல்லி வையுங்கோ, படகு மிதந்த பிறகும் ஸ்லிங்கை (தூக்குற பட்டியை) கழட்ட வேண்டாமெண்டு. நீங்கள் டோர்ச்சோட உள்ளுக்க இறங்கி ஒவ்வொரு சீகாக்கையும் திறந்து மூடி, காஞ்ச கடதாசியால சுத்தித் துடைச்சுப் பாருங்கோ. சாஃப்ட் சீலை ஒருக்கா அமத்திக் காத்தை வெளியேத்த வேணுமா எண்டு அதின்ர கையேட்டில முதலே பாத்து வையுங்கோ. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி எக்ஸாஸ்டால தண்ணி வருதா எண்டும் பாக்க வேணும். பத்து நிமிசம் கழிச்சுத் திரும்ப ஒருக்கா துடையுங்கோ. கடதாசி காஞ்சிருந்தால் மட்டும் கிரேன்காரருக்குக் கை காட்டுங்கோ.

கென்ட்_பாய்மரம் (கில்லிங்ஹாம்)

சரி அண்ணே. யார்டுல மே ரெண்டாவது வாரத்துக்கு மாத்திக் கேட்டிருக்கேன். வால்வு அளவு எடுத்துட்டு நாளைக்கு இங்கேயே போடறேன், எந்தத் திருகு மரை (த்ரெட்) அளவுன்னு சொல்லுங்க.